கமலம்மாவுக்குத் தோதான சிஸ்டம்

கம்ப்யூட்டர் தெரியாதவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. என் கடையே அவர்கள் புண்ணியத்தில்தான் ஓடுகிறது. அரைகுறையாகத் தெரிந்தவர்களையும் எப்படியோ சமாளித்துவிடுவேன். முழுசாகத் தெரிந்தவன் ஒருத்தன், அதுவும் அமெரிக்காவுக்குப் போய்த் தெரிந்துகொண்டவன், பதினைந்து நாள் லீவில் ஊருக்கு வந்து, வந்த காலோடு நம் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறானே, அவனைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் பெயர் புருஷோத்தமன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரா பக்கம் இருக்கிற நகரியில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். திருப்பதியில் ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்த சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். "எந்த சிஸ்டம் போட்டா நல்லதுங்க?" என்று யார் வந்து கேட்டாலும் நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிப்பேன். வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் விசாரிப்பேன். விசாரித்து முடித்துவிட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பேன். தறிக்காரருக்கும் விண்டோஸ், பத்திரம் எழுதுகிறவருக்கும் விண்டோஸ், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவருக்கும் விண்டோஸ். காரணம் வேறொன்றும் இல்லை. சென்னை ரிச்சி தெரு நடைபாதையில் வாங்கி வந்த அந்த ஒரு சிடிதான் என்னிடம் இருந்தது. அதுவும் கீறல் விழுந்த சிடி.

இப்படி நியாயமாகத் தொழில் செய்துகொண்டிருந்த என் வாழ்க்கையில் குறுக்கே வந்தவன் கமலம்மாவின் மகன் தனசேகர்.

கமலம்மா எனக்கு ரத்த சம்பந்தம் இல்லை. அடுத்த தெரு, அவ்வளவுதான். ஆனாலும் சின்ன வயசிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம், அவர் பிள்ளை என்னை மாமா என்பான். வீட்டின் முன்பக்கம் நாலு பவர்லூம். அவர் வீட்டுக்காரர் கோவர்த்தனன் முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்று, பேசுவதையே விட்டுவிட்டவர். ஏதாவது வேண்டுமென்றால் கையைக் காட்டுவார். ஒரே பிள்ளை. திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு வருஷம் இருந்து, 2008ல் டல்லாஸுக்குப் போனான். "ரெண்டே வருஷம்மா, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எல்லாரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

போகும்போது அம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். நான்தான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினேன். கேமரா வைத்தும் கொடுத்தேன். எங்கள் ஊர் இன்டர்நெட் வேகத்தில் அதில் தனசேகரின் முகம் கட்டம் கட்டமாக வந்து, மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று நின்றுவிடும். கமலம்மா அந்தக் கட்டங்களைப் பார்த்தே பிள்ளை இளைத்துவிட்டான் என்று அழுவார்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகரித் தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு, நடை பழகுவதற்கு முன்பே வந்துவிடுகிற பழக்கம் ஒன்று உண்டு. கரண்டு போனால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப் போய் மெயினை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்டு திரும்பி வரும்போது நாலு தறியும் ஆளில்லாமல் தானாகக் கிளம்பும், நூல் அறும், மோட்டார் புகையும். வேலை முடிந்தாலும் அப்படியே. மெயினை இறக்கிவிட்டுத்தான் கை கழுவப் போவார்கள். வீடு பூராவுக்கும் ஒரே மெயின்தான்.

கமலம்மா கம்ப்யூட்டரையும் அப்படித்தான் நிறுத்தினார். நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "அக்கா, இதுக்கு ஷட்டவுன்னு ஒண்ணு கீது. அத்த அமுக்கிட்டு, அது தூங்கின அப்பறம்தான் மெயின எறக்கணும்."

"ஏம்பா, நாலு தறிய நிறுத்தற மெயினு, இத்தினியூண்டு பொட்டிய நிறுத்தாதா?"

"நிறுத்தும்க்கா. ஒரேயடியா நிறுத்திடும்."

யூபிஎஸ் வாங்குங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கோவர்த்தனன் கையை ஆட்டினார். வேண்டாமாம். ஆக, வாரத்துக்கு ஒருமுறை சிஸ்டம் படுத்துக்கொள்ளும். சரி, நமக்கு ஒரு வருமானம் என்று நான் சந்தோஷப்பட்டால், டல்லாஸிலிருந்து உத்தரவு வந்தது: மாமாவைத் தொட விடாதே, நானே சரி பண்ணுகிறேன்.

ஆதிவாரம் காலையில் ஒன்பது மணிக்கு போன் வரும். ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்கிறேன், எங்களுக்குக் கிழமைகள் தெலுங்கில்தான் வாயில் வரும். கமலம்மா வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் நான் டீக்கடைக்குப் போக வேண்டும். தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல், தெரு பூராவும் கேட்கும்.

"சோத்தாங்கைப் பக்கத்துப் பொத்தான அமுக்கும்மா" என்பான் அவன், ஸ்பீக்கரில்.

"அமுக்கிட்டேன். சோத்த இன்னும் துன்னியா இல்லியா நீ?"

"துன்னேன்மா. இப்ப லிஸ்ட் ஒண்ணு வந்துகீதா?"

"வந்துகீது. இன்னா துன்ன?"

"கிச்சடி. மூணாவது வரிய அமுக்கு."

"கிச்சடியா? ஒடம்புக்கு இன்னாடா?"

இப்படி ஒரு மணி நேரம், சில வாரம் ஒன்றரை மணி நேரம். கம்ப்யூட்டர் சரியாவதற்குள் அவன் தூக்கம், சளி, பக்கத்து அறைக்காரன், துணி துவைக்கிற மெஷின் எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். என் கடைக்கு வர வேண்டிய வேலை.

2010 ஜனவரியில் தனசேகர் லீவில் வந்தான். வந்ததும் திருமலைக்கு நடந்தே ஏறி, மொட்டை போட்டுக்கொண்டு இறங்கினான். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரையும் சுத்தமாக மழித்துவிட்டான். நான் போட்டுக் கொடுத்த விண்டோஸைத் துடைத்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றினான். சந்தனம் பூசிய தலையோடு நடு வீட்டில் நின்று, அவன் அம்மாவுக்கும் எனக்கும் பிரசங்கம் வேறு.

"மாமா, சாதாரண ஜனங்களுக்கு இதுதான் கரெக்ட். வைரஸ் வராது. திருட்டு சிடி வேணாம். மெயின எறக்கினாலும் தாங்கும். எல்லாத்துக்கும் மேல, இது சுதந்திரமான சிஸ்டம்."

"சுதந்திரம்தான் நாப்பத்தேழுலயே குட்த்துட்டாங்களேடா" என்றார் கமலம்மா. லட்டை எல்லாருக்கும் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சாதாரண ஜனங்களுக்கான விளக்கம் என்று இங்கிலீஷில் பதினாலு பக்கம் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தான். அதைத் தன் அம்மாவிடம் கொடுத்தான். அவர் தெலுங்கு மீடியத்தில் ஐந்தாவது வரை போனவர். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மாடத்தில் வைத்துவிட்டார். இன்றைக்கும் அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைக்கிறார்.

அவன் போன பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் ஆயிற்று. அந்தச் சனியன் பிடித்த சிஸ்டம் படுக்கவே இல்லை. ஒரு நாளைக்கு நாலு முறை மெயினை இறக்கினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. செய்தி பரவி, தெருவில் ஐந்து வீட்டில் "தனசேகர் போட்டத போடு" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். என்னிடமே! நான் கீறல் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தேன். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு நகரியில் ஒருத்தனின் அடுப்பை அணைக்க முடிகிறது என்றால், உலகம் சின்னதாகிவிட்டது என்று டிவியில் சொன்னது நிஜம்தான்.

அந்த நிலைமையில்தான் ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் கமலம்மா என் கடைக்குள் வந்தார். கையில் கம்ப்யூட்டர் பெட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில்.

"புருசோத்து, இதுல பழையதயே போட்டுக் குடு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாருங்கள் அக்கா, உட்காருங்கள் அக்கா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல? படிச்சவங்களுக்கு என்னா தெரியும்? சாதாரண ஜனங்களுக்கு எது தோதுன்னு கடையில குந்தினுகீறவனுக்குத்தான் தெரியும். இன்னா, ரொம்ப கஷ்டப்படுத்திச்சா? பாட்டு வரலியா?"

"பாட்டெல்லாம் வருது."

"போட்டோ தெரியலியா?"

"எல்லாம் தெரியுது. நல்லாத்தான் ஓடுது."

"அப்பறம் ஏன்?"

அவர் முந்தானையால் பெட்டி மேலிருந்த பஞ்சுத் தூசியைத் துடைத்தார். "வைரஸுக்கு ஏதோ தடுப்பூசி மாதிரி போடுவியே, அத்த போடாத."

"போடாம வுட்டா வாரம் தவறாம படுத்துக்கும்க்கா."

"வாரம் தவறாம படுக்குமா? நெசமா?" அவர் முகம் மலர்ந்தது. "சனிவாரம் படுத்தா தேவல. ஆதிவாரம் காலைல படுத்தாலும் சரே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன பேச்சு இது? நான் என்னவோ படுக்கிற சிஸ்டமாகப் பார்த்து விற்கிறவன் போல! "அக்கா, என் வேலய கேலி பண்றியா நீ? நானும் சர்டிபிகேட் வெச்சுக்கினு உக்காந்துகீறேன்" என்று கத்திவிட்டேன்.

"கத்தாத. ஆறு மாசமா அவன் போன் பண்லடா."

நாற்காலி துடைத்த துணியைக் கீழே வைத்தேன்.

"நான் பண்ணா எடுக்கறான். 'இன்னாமா, சிஸ்டம் கெட்டுப்பூடிச்சா?'ன்னு கேக்கறான். இல்லடா, நல்லா ஓடுதுன்றேன். 'அப்ப சரி, மீட்டிங்ல கீறேன், அப்பறம் பேசறேன்'னு வெச்சிடறான். பொய்யா கெட்டுப்பூடிச்சுன்னு ஒரு தபா சொன்னேன். மேல எரியற வெளக்கு இன்னா கலரு, அதுல இன்னா எழுதிகீதுன்னு கேட்டு ரெண்டே நிமிசத்துல கண்டுபுட்சிட்டான். 'ஏம்மா பொய் சொல்ற, என் டைம் வேஸ்ட் ஆவுது இல்ல'ன்னான்." அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அதான், நெசமாவே கெட்டுப்போறதா பாத்து ஒண்ணு போடு. உன்கிட்ட அந்தக் கீறல் சிடி கீதா இன்னும்?"

எட்டு வருஷமாக எத்தனையோ பேருக்கு சிஸ்டம் சிபாரிசு பண்ணியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்ன வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. கீறல் சிடியைத் தேடி எடுத்துப் போட்டேன். காசு வாங்க மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, வைரஸ் பிடித்த பென்டிரைவ் ஒன்றைப் பக்கத்துக் கடையில் கடன் வாங்கி வேண்டுமென்றே சொருகினேன்.

சிஸ்டம் சொன்ன சொல் தவறவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே படுத்துவிட்டது. கமலம்மா ஆதிவாரம் காலையில் தலைக்குக் குளித்து, போனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகனைக் கூப்பிட்டு, புருசோத்து பழைய விண்டோஸைப் போட்டான், படுத்துவிட்டது என்றார்; அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அவன் வைத்துவிட்டான். ஒன்பது மணிக்கு போன் அடித்தது. என் போன்.

"மாமா, யார கேட்டு விண்டோஸ் போட்டீங்க?"

"கேட்டவங்கள கேட்டுத்தான் போட்டேன்."

"நான் எவ்ளோ யோசிச்சு அம்மாவுக்குன்னே செட் பண்ணிட்டு வந்தேன். உங்களுக்கு இன்னா தெரியும்னு அதுல கைய வெச்சீங்க?" என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் விடாமல் பேசினான். நானும் விடவில்லை. லினக்ஸில் பத்திரிகை டிசைன் ஓடுமா என்றேன், தறி டிசைன் ஓடுமா என்றேன். அவன் செக்யூரிட்டி என்றான். நான் உன் செக்யூரிட்டியைக் கொண்டு போய் உடைப்பில் போடு என்றேன். கடல் தாண்டி இரண்டு ஆம்பிளைகள் எந்த சிஸ்டம் உசத்தி என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் கமலம்மா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கும் மறந்துபோனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் நினைவு வந்து, "அதெல்லாம் வுடு, மொதல்ல அம்மாவுக்கு ஒரு போன் பண்ணுப்பா" என்றேன்.

"எதுக்கு மாமா அவங்கள தொந்தரவு பண்ணிக்கினு? பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. சிஸ்டத்த எழுப்பி வுட்டுட்டு, ஒரு லிங்க் அனுப்பறேன், அத்த அதுல போடுங்க. இங்கிருந்தே நான் உள்ள வந்துருவேன். இனிமே அம்மா போனெல்லாம் புடிச்சிக்கினு கஷ்டப்படவே தேவையில்ல."

அவன் குரலில் அப்படி ஒரு பெருமை. அம்மாவின் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டானாம்.

அடுத்த ஆதிவாரம் நான் கமலம்மாவோடு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சொன்னபடி எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தேன். கோவர்த்தனன் தறிக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஒன்பது மணிக்கு, யாரும் தொடாமலே, திரையில் அந்தச் சின்ன அம்புக்குறி அசைந்தது.

கமலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு ஆட்றது?"

"தனசேகர்தான்க்கா. அங்கிருந்து."

அம்பு மேலே போயிற்று, கீழே வந்தது, ஒரு பெட்டியைத் திறந்தது, ஒன்றை அழித்தது. அவசரமே இல்லை. பழகின கை. கமலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். அந்த அம்பு போகிற இடமெல்லாம் அவர் முகமும் கூடவே திரும்பியது.

"தனா," என்றார் திரையைப் பார்த்து. "சாப்ட்டியாடா?"

அம்பு ஒரு கோப்பை இழுத்துக் குப்பையில் போட்டது.

"ஏண்டா, காதுல வுழலியா?"

"அதுல கேக்காதுக்கா" என்றேன்.

"அப்ப நீ எழுது. கேக்கலன்னா படிப்பான் இல்ல? சாப்ட்டியான்னு நான் கேக்கறேன்னு எழுது."

நான் எழுதுகிற பக்கம் ஒன்றைத் திறந்து, இங்கிலீஷ் எழுத்தில் 'சாப்ட்டியா, அம்மா கேக்கறாங்க' என்று தட்டினேன். அம்பு நின்றது. கமலம்மா மூச்சை அடக்கிக்கொண்டார். நான் எழுதினதுக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது. இங்கிலீஷில் எழுதினான்: மவுஸைத் தொடாதீர்கள், வேலை நடக்கிறது, ஐந்து நிமிஷம்.

"இன்னா எழுதிகீறான்?"

கடை வைத்த நாளிலிருந்து நான் சொல்லாத பொய் இல்லை. ஒரிஜினல் என்று சொல்லியிருக்கிறேன், வாரண்டி உண்டு என்று சொல்லியிருக்கிறேன். "சாப்ட்டானாம்க்கா" என்றேன்.

"இன்னா துன்னானாம்?"

"கத்திரிக்கா கொழம்பு."

கமலம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கத்திரிக்கா துன்னா அவனுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப்பூடும், புருசோத்து. சின்ன வயசுலேந்து தொட மாட்டான்."

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் பக்கம் அம்பு வேலையை முடித்துவிட்டு, திறந்த பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக மூடியது. நான் எழுதின பக்கத்தையும் மூடியது. சேமிக்கவா என்று கேட்டது, வேண்டாம் என்று அமுக்கினான். பிறகு அம்பு அசையவில்லை.

"வந்துட்டு போய்ட்டான்" என்றார் கமலம்மா. "நடு வூடு வரைக்கும் வந்துட்டு, என்ன ஏதுன்னு கேக்காம போய்ட்டான்."

எனக்கு டல்லாஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது. "அந்த லிங்க எடுத்துடறேன்க்கா. உள்ளயே வர முடியாது அவன்."

"எடுக்காத." அவர் யோசித்தார். "வூட்டுக்குக் கதவு போட்டு தாப்பா போடறோமே, அந்த மாதிரி இதுக்கு ஒண்ணும் கெடையாதா? வாசல் வரைக்கும் வரட்டும். தட்டட்டும். நான் தொறந்தா உள்ள வரட்டும்."

"பாஸ்வேர்டு போடலாம்."

"அது இன்னா?"

"எழுத்துதான்க்கா. வரிசையா எழுத்து. அது தெரிஞ்சாத்தான் தொறக்கும்."

"எவ்ளோ நீளம் போடலாம்?"

"ஆறு, எட்டு..."

"எவ்ளோ பெருசா போட முடியுமோ, அவ்ளோ பெருசா போடு."

மூன்று நாள் கழித்து, மசாலா அரைக்கிற மெஷின் விளம்பரம் போட்ட ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், வாய்க்கு வந்த எழுத்துகளை எல்லாம் எழுதி, ஒன்று விடாமல் சரிபார்த்து, அதையே பாஸ்வேர்டாக ஏற்றினேன். தாளைக் கமலம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஆதிவாரம் ஒன்பது மணி ஆகி ஐந்து நிமிஷம் இருக்கும். என் போன் அடித்தது. "மாமா, பாஸ்வேர்டு கேக்குது."

"கேக்கும்."

"யார் போட்டது?"

"அம்மாதான்."

"இன்னா பாஸ்வேர்டு?"

"தெரியாது."

"சரி, பரவால்ல. வேற வழி கீது. நான் சொல்றபடி சிடிய போட்டு..."

"எனக்கு அதெல்லாம் வராதுப்பா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீதான சொன்ன? அம்மாவ கேளு." வைத்துவிட்டேன். தெரிந்த வேலையைத் தெரியாது என்று சொன்னதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் எப்போதும் வந்ததில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கமலம்மா வீட்டுக்கு ஓடினேன். அவனைப் பற்றி எனக்குத் தெரியும். அம்மாவைப் பார்க்காமல் இரண்டு வருஷம்கூட இருப்பான். தன்னை உள்ளே விடாத ஒரு மெஷினை இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ள மாட்டான்.

நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே போன் அடித்துவிட்டது. கோவர்த்தனன் நாலு தறியையும் நிறுத்தியிருந்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

"ம்மா, பாஸ்வேர்டு இன்னா?"

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா. பாஸ்வேர்டு..."

"இன்னா துன்ன?"

"சீரியல். பால்ல போட்டு துன்றது."

"ராத்திரிக்கி வெறும் பாலா? ஏண்டா, சமைக்கலியா?"

"ரூம்மேட் காலி பண்ணிக்கினு போய்ட்டான்மா. ஒருத்தனுக்கு இன்னா சமைக்கறது?" பிறகு அவனே பேசினான். அந்த ஊர் வெயில், முதுகு வலி, வீட்டுக்காரன் வாடகை ஏற்றினது, எல்லாம் வந்தது. நடுவில், "விசாவ மூணு வருஷம் நீட்டிட்டாங்கம்மா" என்றும் சொன்னான். கமலம்மா "ம்" என்றார். நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் அவனுக்கே ஞாபகம் வந்தது. "பாஸ்வேர்டும்மா."

கமலம்மா பீரோவைத் திறந்து தாளை எடுத்து வந்தார். "எழுதிக்கோ. மொத எழுத்து, ஏணிய நிக்க வெச்ச மாதிரி கீது. நடுவுல ஒரே ஒரு படி."

"எச். அப்பறம்?"

"அப்பறம் அடுத்த ஆதிவாரம்."

"ம்மா! இன்னா வெளையாட்றியா?"

"எனுக்கு அடுப்புல வேல கீதுடா" என்று போனை வைத்தார். இரண்டு வருஷத்தில் அவர் முதலில் வைத்தது அன்றைக்குத்தான்.

நான் கை தட்டாத குறை. கோவர்த்தனன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்த் தறியை ஓட்டினார். கமலம்மா மட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தினி எழுத்து இது?"

"நூத்தி இருபத்தேழு. அதுக்கு மேல அந்த சிஸ்டம் ஏத்துக்காதுக்கா."

"வாரத்துக்கு ஒண்ணுன்னா?"

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். "ரெண்டு வருஷம் அஞ்சு மாசம் ஓடும்" என்றேன், என் சிபாரிசின் பெருமையோடு.

அவர் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்தார். "விசா மூணு வருஷம்னு சொன்னானே. மிச்சம் ஏழு மாசத்துக்கு இன்னா பண்றது, புருசோத்து?"